பின்பாதிக்காரி

பெர்கமோ, இத்தாலி
நவம்பர் 11

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை டெல்பின் எழுதுவது. நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாயிருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? துறைமுகத்தில் இழுவைப் படகில் ஏறி இறங்கும்போது அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

இரண்டு மாதமாகப் போனில் நான் கிடைக்கவில்லை என்று கோபமாயிருப்பாய். இங்குள்ள தலைமைச் சகோதரி உனக்குச் செய்தி அனுப்பியிருப்பார். இந்த ஓராண்டு எனக்கு மௌன ஆண்டு. போன் கிடையாது. கடிதம் எழுதலாம்.

உனக்குச் சிரிப்பு வரும், நான் இப்போது இத்தாலிய வார்த்தைகளை அசை பிரித்துப் படிக்கிறேன். இலாரியா என்ற ஆசிரியை வாரம் மூன்று நாள் வருகிறாள். என் இடது கையைப் பிடித்து, அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்டுவாள். அழுத்தம் விழும் அசைக்குப் பலமான தட்டு. தா-வோ-லோ என்றால் மேசை, அழுத்தம் ‘தா’வில். ஃபி-நே-ஸ்த்ரா என்றால் ஜன்னல், அழுத்தம் ‘நே’யில். அதில் வருகிற ‘ஸ்’ முன்னால் இருப்பதோடு சேராது, பின்னால் இருப்பதோடுதான் போகும். ஒரே எழுத்து இரட்டித்தால் நடுவில் வெட்ட வேண்டும். மாம்-மா. நோத்-தே. ஆங்கில எச் இருக்கிறதே, அதற்கு இங்கே பெயர் அக்-கா! அந்த எழுத்துக்கு ஓசையே கிடையாது.

செப்டம்பரில் வரும் என் வெள்ளி விழாவுக்கு இப்போதே எதுவும் ஏற்பாடு செய்யாதே. கையெழுத்து கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள். இங்கே குளிர்.

சேசுவில் உன் தங்கை,
சிஸ்டர் டெல்பின்

*

திரேஸ்புரம், தூத்துக்குடி
டிசம்பர் 9

சேசு மரி சூசை

என் பிரியமுள்ள டெல்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அத்தானின் முழங்கால் அவரைப் போலவே, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் உடம்பு எப்படி? குளிருக்கு நான் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, இல்லை யாருக்காவது தானம் கொடுத்துவிட்டாயா?

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துத்தான் பிரித்தேன். ஓசையில்லாத எழுத்துக்கு அக்கா என்று பெயர் என்பதைப் படித்து நான் சிரித்ததில் ஹென்றி அண்ணன் எழுந்து வந்துவிட்டார். எங்கள் கிளியரிங் ஆபீஸில் என் எதிர் மேசைக்காரர், உனக்கு ஞாபகமிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாமலே அறுபதைத் தொடப்போகிறவர். “சத்தமில்லாத அக்காவா? ஏளா மெட்டில்டா, அந்த ஊருக்காரன் ஒன்னப் பாத்ததில்ல போலுக்கே” என்றார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அந்த ஊருக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகப்போகிறது. அங்குள்ள பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள் நீ. மேசை, ஜன்னல் என்று இப்போது எதற்கு ஆரம்பத்திலிருந்து படிக்கிறாய்?

வெள்ளி விழாவை எப்படி ஏற்பாடு செய்யாமல் இருப்பேன்? இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நீ துறவற வார்த்தைப்பாடு கொடுத்த செப்டம்பர் எட்டாம் தேதி, அதே வார்த்தைப்பாட்டை நம் பங்குக் கோயில் பீடத்தின் முன் உன் வாயால் புதுப்பிக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக ஆசைப்பட்டது யார்? சாமியாரிடம் சொல்லிவிட்டேன். நாள் குறித்தாகிவிட்டது.

மாலை ஜெபம் மட்டும் இன்னும் பழையபடிதான். சின்ன வயதிலிருந்து ‘அருள் நிறைந்த மரியே’ என்று முன்பாதியை நீ சொல்வாய், நீ நிறுத்தியதும் பின்பாதியை நான் சொல்வேன். என் வாய்க்கு முன்பாதி படியவே இல்லை. ஆரம்பித்தால் நடுவில் குழம்பிவிடுகிறது. அதனால் நீ மடத்துக்குப் போன நாளிலிருந்து, முன்பாதிக்கு வேண்டிய நேரம் சும்மா இருந்துவிட்டுப் பின்பாதியை மட்டும் சத்தமாகச் சொல்கிறேன். “பாதி செபத்துக்குப் பாதி பலன்தான் கெடைக்கும்” என்கிறார் அத்தான். யோசித்துப் பார்த்தால் ஆபீஸிலும் வீட்டிலும் நான் பின்பாதிக்காரிதான். யாராவது தொடங்கினால் முடித்துக்கொடுப்பேன்.

மௌன ஆண்டில் ஒரு நிமிஷம் விடுமுறை உண்டா என்று கேள். போனில் நீ ‘அக்கா’ என்று சொன்னால் போதும், வைத்துவிடுகிறேன். மக்ரூன் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். உடைந்து தூளாகத்தான் வரும், ஸ்பூனால் சாப்பிடு.

முத்தங்களுடன்,
மெட்டில்டா

*

பெர்கமோ
ஜனவரி 6

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று ராசாக்கள் திருநாள் இன்று. நான் சுகம். உங்கள் சுகமும் அதுவாகவே இருக்கட்டும். மக்ரூன் தூளாகத்தான் வந்தது. சகோதரிகள் காப்பியில் போட்டுக் குடித்தார்கள்.

இத்தாலியில் பெரும்பாலான வார்த்தைகளுக்குக் கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம். மா-ரே, கடல். போர்-தோ, துறைமுகம். பேர்-லா, முத்து. இப்படி நம்பிக்கொண்டே போனால் திடீரென்று ஒரு வார்த்தை காலை வாரும். இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள். பெர்-கா-மோ என்று நடுவில் அழுத்துகிறவன் வெளியூர்க்காரன். முதல் அசையில் அழுத்த வேண்டும். எழுத்தில் அதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னும் மோசமானது தெ-லெ-ஃபொ-ந-நோ. ‘அவர்கள் போன் செய்கிறார்கள்’ என்று அர்த்தம். இரண்டாவது அசையில் ஏறி, மிச்ச மூன்றையும் ஒரே மூச்சில் இறங்க வேண்டும். நான் ஏறிவிடுகிறேன். இறங்கும் வழியில் விழுந்துவிடுகிறேன். இலாரியா கோபப்படுவதில்லை. “நாளைக்கு” என்கிறாள்.

அக்கா, விழா வேண்டாம். இங்கேயே சிற்றாலயத்தில் அமைதியாக முடித்துக்கொள்கிறேன். சாமியாரிடம் நீயே சொல்லிவிடு. காரணம் கேட்காதே.

சேசுவில்,
சிஸ்டர் டெல்பின்

*

திரேஸ்புரம்
பிப்ரவரி 3

சேசு மரி சூசை

அன்புள்ள சிஸ்டர் டெல்பினுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

கடிதம் கிடைத்தது. சாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன காரணம் என்று அவர் கேட்பார், எனக்கே தெரியாது. போனைப் பற்றி நான் கேட்டதற்கும் நீ பதில் எழுதவில்லை. நான் ஏதாவது தவறாகப் பேசியிருந்தால் அதையாவது எழுது.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

மெட்டில்டா

*

திரேஸ்புரம்
ஏப்ரல் 7

சேசு மரி சூசை

என் தங்கம் டெல்பிக்கு,

சுகமாயிருக்கிறாயா என்று கேட்கக்கூட இந்த முறை தயக்கமாயிருக்கிறது. இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன தடவை விறைப்பாக எழுதிவிட்டேன். தபாலில் போட்டுவிட்டு வீடு வரும் வழியெல்லாம் அதைத் திரும்ப எடுக்க முடியாதா என்று நினைத்தேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. நீயாகச் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். நீ சபையை விட்டு வரப்போகிறாய், இல்லையா? மௌன ஆண்டு என்றால் யோசிப்பதற்குக் கொடுத்த ஆண்டு. இத்தாலிப் பாஷையை முறையாகப் படிப்பது வெளியே வேலை தேட. வெள்ளி விழா வேண்டாம் என்பதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அத்தானிடம் ஒரு மாதம் மறைத்துவிட்டுப் பிறகு சொன்னேன். வலையைத் தைப்பது போலக் கிழிந்த கொசுவலையைத் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், “வந்தா வரட்டும்ளா. அவ வீடு. முன் ரூம்புல கெடக்க எம் பழைய சாமான எல்லாம் மச்சுல ஏத்திருதேன்” என்றார். மறுநாள் காலையில் ஏற்றியும் விட்டார்.

அதனால் முன் அறை தயார். சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று நேரே வருகிறது. உனக்கு இரண்டு பருத்திச் சேலை வாங்கியிருக்கிறேன். இத்தனை வருஷம் ஒரே நிறத்தில் உடுத்தியவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கடையில் ரொம்ப நேரம் நின்றேன். கடல்பச்சை ஒன்று, மாம்பழ நிறம் ஒன்று.

ஊர் பேசும். மணப்பாட்டு மடத்திலிருந்து ஒரு பெண் இப்படித் திரும்பி வந்தபோது எப்படிப் பேசினார்கள் என்று நமக்குத் தெரியும். பேசட்டும். வாசலில் நான் நிற்கிறேன், என்னைத் தாண்டித்தானே உன்னிடம் வர வேண்டும்.

ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். பதில்கூட எழுத வேண்டாம். வந்து இறங்கு.

உன் அக்கா,
மெட்டில்டா

*

பெர்கமோ
மே 2

சேசு மரி சூசை

என் அக்காவுக்கு,

கடல்பச்சைச் சேலை வரைக்கும் படித்துவிட்டு அழுதேன். மாம்பழ நிறத்துக்கு வந்தபோது சிரித்துவிட்டேன். சிரிப்பு மட்டும் எனக்கு ஒரு சிரமமும் இல்லாமல் வருகிறது. பக்கத்து அறைச் சகோதரி ஓடிவந்து பார்த்தாள்.

நான் சபையை விடவில்லை அக்கா. என்னை விட்டுப் போனது பேச்சு.

போன செப்டம்பரில், காலையில் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது வலது கை மரத்துப்போய்ப் பாத்திரம் விழுந்தது. “விழுந்துவிட்டது” என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மூளையில் ஒரு சின்ன இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாம். கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது. கையெழுத்து கோணலானது குளிரால் அல்ல. சொல்ல வேண்டியதெல்லாம் தலைக்குள் முழுசாக இருக்கிறது, எழுதவும் முடிகிறது. வாய்தான் வழியை மறந்துவிட்டது. இலாரியா பாஷை சொல்லித்தருகிறவள் இல்லை, மருத்துவமனையிலிருந்து வருகிற பேச்சுப் பயிற்சிக்காரி.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். அம்மா கடைசியில் பேச்சில்லாமல் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது நீ. நான் தூரத்தில் இருந்தேன். அதை நீ இன்னொரு முறை பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். நான் அழுது கேட்டுக்கொண்டதால்தான் தலைமைச் சகோதரியும் உனக்குச் சொல்லவில்லை. மௌன ஆண்டு என்று எழுதியதை மறக்காமல் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

இத்தாலி வார்த்தைகள் நொண்டி நொண்டி வருகின்றன. தமிழ் வரவில்லை. இலாரியாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு எடுத்துக்கொடுக்க அவளால் முடியாது. அறையில் தனியாக உட்கார்ந்து நம் முன்பாதியைச் சொல்லிப் பார்த்தேன். ‘அருள்’ என்பதைத் தாண்டவில்லை. நாற்பது வருஷம் சொன்னது.

வாய் முடியாதவர்களுக்காகச் சபையின் மாகாணத் தலைவி வார்த்தைப்பாட்டை வாசிக்கலாம், கொடுக்கிறவர் தலையசைத்தால் போதும் என்று விதியில் இடமிருக்கிறது. ஆனால் அக்கா, அது வார்த்தைப்பாடு. தலையசைப்புப்பாடு இல்லை. அதை நானே சொல்ல வேண்டும், தமிழில், நம் கோயிலில். அந்த ஆசையோடு ஊருக்கு வந்து எல்லோர் முன்னிலையிலும் வாய் திறந்து நிற்கிற பயத்தில்தான் விழாவே வேண்டாம் என்றேன்.

உன் கடிதம் வந்த பிறகு, முயன்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எனக்கு ஓர் உதவி செய். தமிழ் வார்த்தைப்பாட்டை அசை பிரித்து, எங்கே அழுத்தம் விழுகிறது என்று குறித்து அனுப்பு. அது தெரிந்தால் தட்டிக் கொடுக்கிறேன் என்கிறாள் இலாரியா. தமிழில் எங்கே அழுத்துகிறோம் என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

டெல்பின்

*

திரேஸ்புரம்
மே 27

சேசு மரி சூசை

என் டெல்பிக்கு,

நீ சுகமாயிருக்கிறாய் என்று இனிமேல் சும்மா எழுதாதே. மாத்திரை என்னென்ன, இரத்த அழுத்தம் எவ்வளவு, தூக்கம் எப்படி, எல்லாம் எழுது. நாங்கள் நலம்.

உன் கடிதம் வந்த அன்று ஆபீஸுக்குப் போகவில்லை. அதைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

மாம்பழ நிறச் சேலையை முதலில் என் பீரோவில் வைத்தேன், பிறகு மறுபடியும் முன் அறையிலேயே வைத்துவிட்டேன். இருக்கட்டும்.

வேலைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் வெண்பாவை அசை பிரித்தோமே, நேர், நிரை, தேமா, புளிமா என்று, அதை நினைத்துப் பார்த்தேன். தூத்-துக்-குடி. நேர் நேர் நிரை, தேமாங்கனி. அது வரைக்கும் வருகிறது. ஆனால் எங்கே அழுத்துவது என்று எந்த டீச்சரும் சொல்லித்தரவில்லை. கேட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று நம் கரையில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் போய் நின்றேன். ஏலம் கூறுகிறவர் ஒவ்வொரு வார்த்தையையும் தலையில் பிடித்துத் தூக்கிவிட்டு, வாலை அப்படியே விட்டுவிடுகிறார். “என்னக்கா, மீனும் வாங்காம, கூடையும் இல்லாம, கண்ண மூடிட்டு நிக்கியளே?” என்று ஒருத்தி கேட்டாள். பாட்டுக் கேட்பதாகச் சொன்னேன்.

ஹென்றி அண்ணனிடம் வார்த்தைப்பாட்டை எழுதிக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல்” என்று கணீரென்று வாசித்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, “ஏளா, மொத ரெண்டும் ஏங்கிட்ட ஏற்கெனவே இருக்கு. மூணாவதுதான் எங்கம்மா இருக்கையிலேயே வரல. என்ன எந்த மடத்துல சேக்கப் போற?” என்றார். அறையே சிரித்தது. உன் விஷயத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் கேலி இல்லை. எத்தனை தடவை கேட்டாலும் அதே குரலில் வாசித்துக் காட்டினார். இடையில் கப்பல் கம்பெனியிலிருந்து வந்த போனைக்கூட எடுக்கவில்லை.

முழுவதையும் பிரித்துத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். நம் வார்த்தைகளுக்குப் பெரும்பாலும் முதல் அசையில்தான் கனம் என்று என் காதுக்குப் படுகிறது. அங்கே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். கற்-பு. ஏழ்-மை. கீழ்ப்-படி-தல். நான் பண்டிதை இல்லை. தப்பாயிருந்தால் உன் வாய் சொல்லும்.

உனக்குப் பதில் நானே வாசித்துவிடட்டுமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை.

உன் அக்கா,
மெட்டில்டா

*

பெர்கமோ
ஜூன் 29

சேசு மரி சூசை

அக்காவுக்கு,

மாத்திரை மூன்று. இரத்த அழுத்தம் கட்டுக்குள். தூக்கம் நன்றாக இருக்கிறது. அத்தானின் முழங்காலும் இதே போலக் கட்டுக்குள் இருக்க வேண்டுகிறேன்.

உன் தாள் என் மேசைமேல் இருக்கிறது. இலாரியா அதைப் பார்த்துவிட்டு, “உன் அக்கா என்ன வேலை செய்கிறாள்?” என்று கேட்டாள். துறைமுகத்தில் சரக்குகளுக்குக் காகிதம் போடுகிறவள் என்று எழுதிக் காட்டினேன். “அதுதான், எதையும் எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரிந்திருக்கிறது” என்றாள்.

கற்பு வந்துவிட்டது. ஏழ்மையும் வந்துவிட்டது, ஆனால் ‘ழ்’ கொஞ்சம் இத்தாலிக்காரியாக வருகிறது. கீழ்ப்படிதலில்தான் நிற்கிறேன். சில நாள் வருகிறது, சில நாள் ‘கீழ்’ என்று கதவைத் தட்டிவிட்டு நிற்கிறேன், உள்ளேயிருந்து யாரும் திறப்பதில்லை.

டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன். கூட ஒரு சகோதரி வருவதால் நம் ஊர் மடத்தில்தான் தங்க வேண்டும். விமான நிலையத்துக்கு வந்தால் என்னைப் பேச வைக்காதே. நான் கையைப் பிடிப்பேன், அதை வைத்துக்கொள்.

மாகாணத் தலைவி பக்கத்திலேயே நிற்பார். நான் நின்றுபோனால் தாளை வாங்கி அவர் முடித்துவைப்பார். அப்படி ஆகக் கூடாது என்று வேண்டிக்கொள்.

டெல்பின்

*

திரேஸ்புரம்
செப்டம்பர் 24

சேசு மரி சூசை

என் டெல்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. விமானத்தில் கை வீங்கியதே, இறங்கிவிட்டதா? நாங்கள் நலம். வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்டது போலிருக்கிறது.

அன்று கோயிலில் நடந்ததை நான் திட்டம் போட்டுச் செய்ததாக ஊர் முழுக்கப் பேச்சு. சாமியாரே, “மெட்டில்டா நல்ல யோசனை பண்ணிட்டா” என்று மறுநாள் திருப்பலியில் பீடத்திலிருந்து சொன்னாராம். உனக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நீ எங்களுக்கு முதுகு காட்டி நின்றாய், பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது.

உனக்கு வாங்கிய கடல்பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தேன். உன் இடது கை உடையின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. அது எதற்கென்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும், நானும் என் மடியில் தட்டிக்கொண்டிருந்தேன். ‘எல்லாம் வல்ல இறைவா’ வந்தது. உன் பெயர் வந்தது. கற்பு வந்தது. ஏழ்மை வந்தது. ‘கீழ்’ என்றாய். நின்றுவிட்டது.

மைக்கில் உன் மூச்சு மட்டும் கேட்டது. கை தட்டுகிறது, வார்த்தை வரவில்லை. வெளியே பந்தலில் ஒரு குழந்தை அழுவது கேட்டது. மாகாணத் தலைவி ஓரடி முன்னால் வந்து தாளுக்குக் கையை நீட்டினார்.

அப்போதுதான் அது நடந்தது. டெல்பி, நான் எதையும் யோசிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், உன் குரல் நின்று ஒரு அமைதி விழுந்தது. இத்தனை வருஷமாக மாலை மாலை நான் காத்திருக்கிற அதே அளவு அமைதி. அது முடிந்ததும் என் வாய் தன் வேலையைச் செய்துவிட்டது. “அர்ச்சிஷ்ட மரியே, சர்வேசுரனுடைய மாதாவே” என்று கோயிலின் நடுவில், திருப்பலியின் நடுவில், பின்பாதியைச் சத்தமாக ஆரம்பித்துவிட்டேன்.

நாலு வார்த்தை போன பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது. செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் நம் ஊர்ப் பெண்களைப் பற்றித் தெரியுமே. யார் ஆரம்பித்தார்கள், எதற்கு ஆரம்பித்தார்கள் என்று கேட்டுக்கொண்டா இருப்பார்கள்? பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள், அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் சேர்ந்தார்கள். ஆமென் வந்தபோது பந்தலில் இருந்தவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாகாணத் தலைவியின் கை நீட்டியபடியே நின்றது. சாமியார் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார், இப்படி ஒரு சடங்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவது போல.

நீ ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கினாய்.

அசை பிரிக்காமல், கை தட்டாமல், சின்ன வயதில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவசர அவசரமாகச் சொல்வாயே, அந்த வேகத்தில். உனக்கே தெரியாமல் சொன்னாய் என்று நினைக்கிறேன். நீ நிறுத்தினாய், நாங்கள் சொன்னோம். எங்கள் ஆமென் அடங்குவதற்குள், அதே மூச்சில், ‘கீழ்ப்படிதல்’ என்று சொல்லி மிச்சத்தையும் முடித்துவிட்டாய். எனக்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. அத்தான் ஆண்கள் பக்கமிருந்து எழுந்து வெளியே போனதாகச் சொன்னார்கள். கண்ணில் தூசியாம்.

ஹென்றி அண்ணன் சாப்பாட்டுப் பந்தியில், “கீழ்ப்படிதல்ல ஒரு எழுத்து கொறஞ்சிட்டு, நான் கவனிச்சேன். அந்த அளவுக்குச் சபையில சலுக குடுப்பாவ” என்றார். என்னிடம் தனியாக வந்து, “ஒரு நாளாவது பொறுத்துப் பேசியிருக்கியா நீ? நல்லதாப் போச்சு” என்றார்.

நீ வந்திருந்தபோது மடத்தில் தங்கினாய், மாலைகளில் நாம் ஒன்றாக உட்காரவே இல்லை. வீட்டுக்கு வந்த அந்த ஒரு நாளிலும் ஜெப நேரத்தில் உன்னைக் கூப்பிட எனக்குப் பயமாயிருந்தது. நீ தவிப்பதைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று. கூப்பிட்டிருக்கலாம்.

இப்போது மாலையில் உட்கார்ந்தால் முன்பாதிக்கு விடுகிற இடம் பழைய அளவில் இல்லை. நீளமாக இருக்கிறது.

உன் அக்கா,
மெட்டில்டா

*

பெர்கமோ
அக்டோபர் 18

சேசு மரி சூசை

என் அக்காவுக்கு,

கை வீக்கம் இறங்கிவிட்டது. மாத்திரை இரண்டாகக் குறைந்திருக்கிறது. அத்தானின் கண்ணில் விழுந்த தூசி போய்விட்டதா?

நடந்ததை இலாரியாவிடம் வாயால் சொன்னேன். ரொம்ப நேரம் ஆனது. அவள் நடுவில் ஒரு வார்த்தையும் எடுத்துக்கொடுக்கவில்லை. முடித்ததும், “உன் அக்கா பயிற்சி எடுத்தவளா?” என்று கேட்டாள். இல்லை, பொறுமை இல்லாதவள் என்றேன்.

ஊரிலிருந்து இங்கு வந்து சேர்ந்த இரவே அறையில் தனியாக முன்பாதியைச் சொல்லிப் பார்த்தேன். வந்தது அக்கா. முழுசாக வந்தது. சொல்லி முடித்துவிட்டு நிறுத்தினேன். அந்தப் பக்கம் யாருமில்லை. பின்பாதியையும் நானே சொல்லியிருக்கலாம். இங்கே இத்தாலியில் தினமும் இரண்டையும்தானே சொல்கிறேன். ஆனால் தமிழில் என் வாய்க்கு அது படியவில்லை. உனக்கு முன்பாதி போலத்தான் எனக்கும். நாற்பது வருஷமாக எனக்கு அது தெரியாது.

தெ-லெ-ஃபொ-ந-நோவை இறங்கிவிட்டேன், விழாமல்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்று எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. மாலை ஜெப நேரத்தில் உன் போன் அடிக்கும். எடுத்ததும் ஹலோ சொல்லாதே. சுகமா, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று ஒன்றும் கேட்காதே, அத்தானையும் கேட்க விடாதே. நான் ஆரம்பிப்பேன். நடுவில் நின்றுபோனால் போய்விட்டேன் என்று நினைக்காதே. ரொம்ப நேரம் பொறுக்கவும் வேண்டாம். உன் இடம் வந்ததோ வரவில்லையோ, அன்றைக்குப் போலவே நீ ஆரம்பித்துவிடு.

டெல்பி